அமோஸ் அலோன்சோ ஸ்டாக்: பாதிரியாருக்குப் படிச்சவர் எப்படி கோச் ஆனார்?

கேள்வி:
அமெரிக்கன் ஃபுட்பாலோட ஆரம்ப கால வரலாறு படிச்சிட்டு இருக்கேன், எந்தப் பக்கம் புரட்டினாலும் ஸ்டாக் பேர் வந்துடுது. 1889ல போட்ட முதல் ஆல்-அமெரிக்கா டீம்ல (நாட்டோட சிறந்த காலேஜ் ப்ளேயர்ஸ் லிஸ்ட்) யேல் யுனிவர்சிட்டி சார்பா எண்ட் (வரிசையோட ஓரத்துல ஆடுறவர்), பேஸ்பால்லயும் செம பிட்சர், ஆனா படிச்சது பாதிரியார் ஆகுறதுக்கு. அப்படிப்பட்டவர் சிகாகோ யுனிவர்சிட்டில 41 சீசன் கோச்சா இருந்தது எப்படி? அப்போ கோச்சுங்கறது ஒரு வேலையாவே இருந்துச்சா?

பதில் 1:
பெரும்பாலும் இல்லைங்க, அதான் விஷயமே. பழைய ப்ளேயர் யாராவது சீசனுக்கு வந்து சொல்லிக் குடுத்துட்டு கிளம்பிடுவாங்க. யேல்ல ஸ்டாக் கூட ஆடின பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கரையே பாருங்க, 1892 நவம்பர்ல அலெகனி கிளப்புக்கு ஒரே ஒரு மேட்ச் ஆட 500 டாலர் வாங்கினவர், அப்புறம் கலிஃபோர்னியா, லீஹை, மினசோட்டான்னு வருஷத்துக்கு ஒரு காலேஜ்ல கோச். ஸ்டாக் தனக்கு பிரசங்கம் வராதுன்னு ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்எம்சிஏ ட்ரெய்னிங் ஸ்கூலுக்குப் போயிட்டார் (பாஸ்கெட்பால் கண்டுபிடிச்ச நெய்ஸ்மித்தும் அங்கதான், 1892 மார்ச்ல நடந்த முதல் பப்ளிக் பாஸ்கெட்பால் மேட்ச்ல வாத்தியாருங்க ஸ்டூடண்ட்ஸ்கிட்ட 5-1ன்னு தோத்தாங்க, அந்த ஒண்ணு ஸ்டாக் போட்டது). யேல்ல அவருக்குப் பாடம் எடுத்த ஹார்ப்பர் சிகாகோவுக்கு முதல் பிரசிடெண்ட் ஆனதும் கையோட கூப்பிட்டுக்கிட்டார், வருஷம் 2500 டாலர், அசோசியேட் ப்ரொஃபசர் பதவி. என்னைக் கேட்டா சம்பளத்தை விட பதவிதான் பெருசு, ரெண்டு சீசன் சொதப்பினாலும் வேலை போகாது, பொறுமையா டீமை வளர்க்கலாம்.

பதில் 2:
மேல சொன்னது கரெக்ட். ஆனா அவர் ஆட்டத்தை உடனே விட்டுடல, 1892ல சிகாகோல ஆளே பத்தாம கோச்சே இறங்கி ஆடினார்!

1905 மிச்சிகன் மேட்ச் பத்தி கட்டாயம் படிங்க. கோச் யோஸ்ட்டோட மிச்சிகன் 56 மேட்ச்சா தோக்காம வந்த டீம். ரெண்டு பக்கமும் ஸ்கோரே இல்லாம போயிட்டு இருந்தப்போ சிகாகோவோட எக்கர்சால் பந்தை மிச்சிகன் கோல் லைனைத் தாண்டி உதைக்கிறார், அதைப் பிடிச்ச மிச்சிகன் பையன் அப்படியே விடாம வெளிய ஓடப் பார்க்கிறான், சிகாகோ பசங்க தூக்கி உள்ளயே தள்ளிட்டாங்க, அதுக்குப் பேர் சேஃப்டி (பந்து வச்சிருக்கவனை அவன் கோல் லைனுக்குப் பின்னாடியே மடக்குறது), சிகாகோவுக்கு 2 பாயிண்ட். ஆட்டம் 2-0, அவ்ளோதான். அந்த வருஷம் சிகாகோவை யாராலயும் ஜெயிக்க முடியல.

பதில் 3:
அவரை அனுப்பின கதைதான் எனக்கு இன்னும் ஆறல. 70 வயசு ரூல்னு 1932ஓட முடிச்சுட்டாங்க, சும்மா ஒரு பதவி தரோம்னாங்க, மனுஷன் வேண்டாம்னு கலிஃபோர்னியாவுக்கு காலேஜ் ஆஃப் தி பசிஃபிக் போய் திரும்ப கோச்சிங். 1943ல, 81 வயசுல, அந்த வருஷத்தோட சிறந்த கோச்! அப்புறம் பையனோட சேர்ந்து சஸ்குவஹானால கொஞ்ச வருஷம், 90 தாண்டியும் ஸ்டாக்டன்ல ஒரு ஜூனியர் காலேஜ் பசங்களுக்கு கிக்கிங் சொல்லிக் குடுத்தார். 1965ல 102 வயசுல இறந்தார்.

சிகாகோ 1939லயே ஃபுட்பாலை மூடிடுச்சு, 1942ல முதல் அணு உலை ஓடினது ஸ்டாக் ஃபீல்ட் கேலரிக்கு அடியிலதான். 1969ல திரும்ப டீம் ஆரம்பிச்சாங்க, இப்போ ஆடுறது காலேஜ் ஃபுட்பாலோட கீழ் மட்டமான டிவிஷன் த்ரீ. அந்த டிவிஷனோட ஃபைனலுக்குப் பேரே ஸ்டாக் பௌல்.