எல்.எஸ்.டி. என்று கொடுத்த தாளில் இருந்தது என்ன?

பட்டர்வொர்த் அக்கா:
என் தம்பிக்கு 21 வயது, கே.எல்.லில் (கோலாலம்பூரில்) படிக்கிறான். போன மாதம் ஒரு பார்ட்டியில், இல்லாததைக் காட்டும் போதைப்பொருளான எல்.எஸ்.டி. என்று சொல்லி ஒரு சின்னத் தாள் துண்டைக் கொடுத்திருக்கிறார்கள். நாக்கில் வைத்ததும் ஒரே கசப்பு, வாய் மரத்துப் போனது என்கிறான். அப்புறம் உடம்பு நெருப்பாய்க் கொதித்து, வலிப்பு வந்து, மூன்று நாள் ஐசியூவில் கிடந்தான். சிறுநீர்ச் சோதனையில் எதுவும் தெரியவில்லை. எல்.எஸ்.டி. யாரையும் கொல்லாது, இவனுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் நண்பர்கள் சாதிக்கிறார்கள். உண்மையா?

பினாங்கு மருந்தாளர்:
அக்கா, அந்தக் கசப்பும் மரத்துப்போனதும்தான் எனக்கு இடிக்கிறது. எல்.எஸ்.டி.க்குச் சொல்லும்படியான சுவையே கிடையாது. நீங்கள் சொல்வது, எல்.எஸ்.டி. என்று ஏமாற்றி விற்கும் என்போம் என்ற செயற்கைப் போதைப்பொருள் வகை மாதிரி இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அதில் பேர்போன 25ஐ-என்போம், 2003-இல் பெர்லினில் ரால்ஃப் ஹெய்ம் என்பவரின் முனைவர் பட்ட ஆய்வில் வந்தது. செரட்டோனின் என்ற உடல் வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களில் ஒன்றான 2ஏ ஏற்பியை ஆராய ஒரு கருவி, அவ்வளவுதான், மனிதன் வாயில் போட வந்த மருந்தே இல்லை. அந்த ஏற்பி மூளையில் மட்டுமா இருக்கிறது, இரத்தக் குழாய்ச் சுவரிலும் இருக்கிறது, அதனால் குழாய் சுருங்கும், அழுத்தமும் துடிப்பும் ஏறும், உடம்பு கொதிக்கும், வலிப்பில் தசை சிதைந்து அந்தக் கழிவு போய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். இறந்தவர்கள் இருக்கிறார்கள். 2015-இல் ஐ.நா. தடைப்பட்டியலில் இதைச் சேர்த்ததும் அதனால்தான்.

இன்னொன்று, இதெல்லாம் மைக்ரோகிராம் கணக்கு, ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம். வீட்டில் உட்கார்ந்து தாளை நனைப்பவனால் அதைச் சமமாய்ப் பரப்ப முடியாது. ஒரே தாளில் வெட்டிய இரண்டு துண்டில் ஒருவன் சிரித்துக்கொண்டிருப்பான், பக்கத்தில் இருப்பவன் விழுந்துவிடுவான். "ஒத்துக்கொள்ளவில்லை" என்று உங்கள் தம்பிமேல் பழி போடுவது அநியாயம்.

எமர்ஜென்சி தாதி, கே.எல்.:
சாதாரண சிறுநீர்ச் சோதனை இந்த வகையைப் பிடிக்காது அக்கா, அதனால் ஒன்றும் சாப்பிடவில்லை என்று ஆகிவிடாது. இதற்கு மாற்று மருந்தும் இல்லை. டயஸெபம் போன்ற மருந்து கொடுத்து வலிப்பை அடக்கி, உடம்பைக் குளிரவைத்து, டிரிப்ஸ் ஏற்றித்தான் காப்பாற்றுகிறோம். டாக்டர்கள் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தைக் கேட்பதும் உண்டு. என் வயிறு எரிவது எங்கே தெரியுமா, கூட இருக்கும் பிள்ளைகள் போலீசுக்குப் பயந்து அவசர எண் 999-ஐ அழைக்காமல் அரை மணி நேரம் கையைக் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அமுக்க அமுக்கத் திமிறுவான், திமிறத் திமிறச் சூடு ஏறும். சட்டையைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, என்ன சாப்பிட்டான் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
அவன் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறான். அதனாலும் இருக்குமா?

பினாங்கு மருந்தாளர்:
எந்த மாத்திரை என்று தெரியாமல் சொல்லக் கூடாது. லித்தியம் என்றால் எல்.எஸ்.டி.யோடு கூட வலிப்பு வரலாம். மாத்திரையைத் தானாக நிறுத்த விடாதீர்கள், நடந்ததை அவனுடைய டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
சரி தம்பி. வியாழக்கிழமை சிறுநீரக இரத்தப் பரிசோதனை இருக்கிறது, மாத்திரை அட்டையையும் கொண்டு போகிறேன். அந்த இரண்டு நண்பர்களையும் கூட்டிப் போகப் போகிறேன், டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.