சபை கலையும்போது ஓதும் துஆ (பிரார்த்தனை): உங்கள் அனுபவம் என்ன?

அஸ்ஸலாமு அலைக்கும். என் உம்மம்மா, அதாவது அம்மாவின் அம்மா, மேலப்பாளையத்தில் பீடி சுற்றியவர். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு திண்ணையில் நாலைந்து பேர் மடியில் முறத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். கையும் நிற்காது, வாயும் நிற்காது. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் நகை அடகுக்குப் போனது, எல்லாம் அங்கே வந்துவிடும். அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் உம்மம்மா மடியில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு முணுமுணுவென்று ஓதியபடி எழுவார்:

"ஸுப்ஹானகல்லாஹும்ம வபிஹம்திக, அஷ்ஹது அன் லாஇலாஹ இல்லா அன்த, அஸ்தக்ஃபிருக வஅதூபு இலைக்."

பீடி சுற்றி முடித்தால் ஓதுகிற துஆ என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். யா அல்லாஹ், நீ தூயவன், உனக்கே புகழ், உன்னைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லையென்று சாட்சி சொல்கிறேன், உன்னிடம் மன்னிப்புக் கேட்டு உன்னிடமே மீள்கிறேன் என்பது பொருள். வீண்பேச்சு மிகுந்த சபையில் இருந்தவர் எழுவதற்கு முன் இதைச் சொன்னால், அங்கே நிகழ்ந்தவை மன்னிக்கப்படும் என்று நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) திர்மிதி தொகுப்பில் இருக்கிறது.

இப்போது என் திண்ணை வாட்ஸ்அப். போனைக் கவிழ்த்து வைக்கும்போது ஓதுகிறேன். ஐந்தே நிமிடத்தில் திரும்ப எடுத்து "அப்புறம் என்ன ஆச்சு?" என்கிறேன். உங்களுக்கு எப்படி?

* * *

வ அலைக்கும் ஸலாம் சகோதரி. ஷார்ஜாவில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தோம். மெஸ் பணத்தில் இருநூறு திர்ஹம் குறைந்தது. கணக்கு எழுதும் காக்காதான் (மூத்தவரை அண்ணன் என்பதுபோல் நாங்கள் காக்கா என்போம்) எடுத்திருப்பார் என்று நான் மற்ற ஆறு பேரிடமும் சொன்னேன். பிறகு பார்த்தால், அரிசிக் கடை பாக்கி கொடுத்ததை நோட்டில் ஏற்றாமல் விட்டிருக்கிறார். இல்லாததைச் சொன்னால் அது புறம் பேசுவதே இல்லை, அவதூறு என்று முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பில் வரும் ஹதீஸ் எனக்குத் தெரியாததில்லை. அந்தத் துஆவையும் ஓதினேன்தான், ஆனால் அது அல்லாஹ்வுக்கும் எனக்கும் உள்ள கணக்கு. காக்காவின் கணக்கை யார் தீர்ப்பது?

ஆறு பேரிடமும் போய் "நான் சொன்னது பொய்" என்றேன். நாலாவது ஆள் சிரித்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசியாகக் காக்காவிடம் போய், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெஸ் நோட்டை என் கையில் கொடுத்து, "இனி நீயே எழுது" என்றார். இரண்டு வருஷம் எழுதினேன்.

* * *

ஷார்ஜா சகோதரர் போய் மன்னிப்புக் கேட்டது அவருக்குச் சரி. எனக்கு நேர் எதிராக நடந்தது. கல்யாண வீட்டில் இறைச்சி கழுவிக்கொண்டே என் மச்சியைப் பற்றி, அதாவது அண்ணன் மனைவியைப் பற்றி, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். புறம் பேசுவது செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பது போல என்று குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் சொல்வது ராத்திரி படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. காலையில் நேரே போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பாவம், அவளுக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது. மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும் என்கிறார் மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி. அவளுக்குத் தெரியாதிருந்தால் அவளுக்காகத் துஆ கேட்டு, குறை சொன்ன இடத்திலேயே நிறையைச் சொன்னால் போதும் என்பது இன்னொரு அறிஞர் இப்னு தைமிய்யாவின் கருத்து. இதை எங்கள் ஆலிமா (மார்க்கக் கல்வி கற்றவர்) சொன்னபோது காலம் கடந்துவிட்டது. இப்போது அதைத்தான் செய்கிறேன். மச்சியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தால், "என்ன, திடீர்னு?" என்று கேட்கிறார்கள். குறை சொன்னபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை.

* * *

எனக்குப் புறம் பேசுவதைவிட வீட்டில் ஏசுவதுதான் தொல்லை. தம் வீட்டாரிடம் நாக்கு கடுமையாக இருப்பதாக நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) முறையிட, நபி (ஸல்) அவர்கள் இஸ்திக்ஃபாரை, அதாவது அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பதை, காட்டியதாக இப்னு மாஜா தொகுப்பில் ஓர் அறிவிப்பு உண்டு. அது எவ்வளவு நம்பகமானது என்பதில் பேச்சு இருக்கிறது. ஆனால் நாளுக்கு நூறு தடவை இஸ்திக்ஃபார் செய்வதற்கு முஸ்லிமிலேயே ஹதீஸ் இருக்கிறதே. அதனால் கோபம் வந்தால் தஸ்பீஹ் மணியை எடுத்துவிடுவேன்.

ஏழு வயது மகன் நேற்று மணியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். "உம்மா, ஏசி முடிச்சிட்டீங்களா, இனிமேதானா?"