பெரியப்பா அனுப்பிய ஹிரோஷிமா வீடியோ

காலை 7:12

பெரியப்பா: 🙏 காலை வணக்கம். இன்று ஆகஸ்ட் 6. 1945இல் இதே நாளில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது எடுத்த உண்மையான வீடியோ. மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள்.

(வீடியோ, 1 நிமிடம் 12 நொடி)

கலா அத்தை: ஐயோ அண்ணா, காலங்காத்தால இதையா பார்ப்பது? இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் பார்க்கிறேன்.

முரளி: அப்பா, சத்தம் பயங்கரம். ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தூக்கிவாரிப் போட்டது.

நிவேதா: பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க. இதில் ஹிரோஷிமா ஒரு நொடி கூட இல்லை.

பெரியப்பா: என்னம்மா சொல்கிறாய்? மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே.

நிவேதா: 20ஆவது நொடியில் நிறுத்திப் பாருங்கள். கடலிலிருந்து தண்ணீர் தூண் மாதிரி எழும்புகிறது. அதன் அடியில் கறுப்பாகச் சின்னச் சின்னதாகத் தெரிபவை கப்பல்கள். ஹிரோஷிமா குண்டு ஊருக்கு மேலே ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. இது 1946 ஜூலையில் பிகினி தீவில், பழைய போர்க்கப்பல்களை நிறுத்திவைத்து அமெரிக்கா செய்த சோதனை.

இனியன்: அக்கா, ஒரு வீடு பிய்த்துக்கொண்டு போகிறதே, அது?

நிவேதா: அது நெவாடா பாலைவனம், 1953. குண்டு வெடித்தால் வீடு என்ன ஆகும் என்று பார்க்கவே கட்டிய வீடு. கேமராவுக்கு ஈயக் கவசம் போட்டு வைத்திருந்தார்கள். ஹிரோஷிமாவில் ஒரு வீடு நொறுங்குவதை அவ்வளவு கிட்டத்தில் எடுக்க யார் கேமராவோடு காத்திருந்திருப்பார்கள், சொல்?

பெரியப்பா: அது நியாயமான கேள்விதான். ஆனால் டிவியில் வந்த ஆவணப்படங்களிலும் இதே வீட்டைப் பார்த்த ஞாபகம்.

நிவேதா: அதுதான் எரிச்சல் பெரியப்பா. எடிட்டிங் வேலையில் இருப்பதால் எனக்கு அந்தச் சங்கடம் புரிகிறது. வர்ணனைக் குரல் "குண்டு வெடித்தது" என்கிறது, திரையில் எதையாவது காட்டியாக வேண்டும். கையில் அசல் படம் கொஞ்சம்தான். கூடவே பறந்த இன்னொரு விமானத்தில் ஹரால்ட் ஆக்னியூ என்ற விஞ்ஞானி 16 எம்எம் கேமரா வைத்திருந்தார். அவர் எடுத்ததில் புகைமேகம் எழும்புவது தெரியும். கீழே மனிதர்கள் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. போதவில்லை என்று நெவாடாவைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள்.

முரளி: அதில் சத்தம் இருக்குமா?

நிவேதா: ஊமைப்படம். நீ கேட்டது என்னைப் போல யாரோ ஒருத்தர் சேர்த்தது. கிட்டத்தில் இருந்து பிழைத்தவர்களில் பலர் சத்தம் கேட்டதாகவே சொல்வதில்லை, வெளிச்சம் மட்டும்தான். அதனால் அவர்கள் 'பிகா' என்பார்கள். தள்ளி இருந்தவர்கள் 'பிகா-டொன்' என்பார்கள். பளீர், அப்புறம் டமால்.

கலா அத்தை: இட்லி ஆயிற்று, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அப்படியானால் அன்றைக்குத் தரையில் யாருமே படம் எடுக்கவில்லையா?

நிவேதா: போட்டோ இருக்கிறது அத்தை. யொஷிதோ மட்சுஷிகே, உள்ளூர்ப் பத்திரிகையின் போட்டோகிராபர். அன்றைக்கு அவர் எடுத்ததில் நமக்குக் கிடைத்தவை ஐந்தே ஐந்து. மியுகி பாலத்தருகே தோல் உரிந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்ததும் அவருக்குக் கை வரவில்லை. வெகுநேரம் கேமராவைத் தூக்காமலே நின்றார். எடுக்கும்போது கண்ணீரில் வியூஃபைண்டர் மங்கிவிட்டது என்று பிறகு சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் பெரும்பாலும் எல்லோருடைய முதுகும்தான் தெரியும்.

கலா அத்தை: 😔

முரளி: நான் ஒன்று சொன்னால் எல்லோரும் சண்டைக்கு வருவீர்கள். இந்த ஆவணப்படங்கள் எல்லாம் குண்டு விழுந்த காலை 8:15 மணிக்குத்தான் கதையையே தொடங்குகின்றன. அதற்கு முன்னால் ஜப்பான் ராணுவம் சீனாவிலும் கொரியாவிலும் செய்தது?

நிவேதா: சண்டை எதற்கு, பாதி நீ சொல்வது சரி. ஹிரோஷிமாவில் செத்தவர்களில் கொரியர்களும் ஏராளம். ஜப்பான் ஆட்சியில் வேலைக்கு இழுத்துவரப்பட்டவர்களும் அதில் உண்டு. நிறையப் படங்கள் அவர்களை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடும். ஆனால் மறுபக்கமும் பார். சில அமெரிக்கப் படங்களில் முழுக்க விமானிகளின் கதைதான். புறப்பட்டார்கள், போட்டார்கள், திரும்பி வந்தார்கள், போர் முடிந்தது. 1945 முடிவதற்குள் அந்த ஊரில் சுமார் 1,40,000 பேர் செத்தார்கள் என்பது எழுத்தில் வந்து போகும்.

முரளி: இரண்டு தரப்பையும் வைத்து யாரும் எடுக்கவில்லையா?

நிவேதா: ஸ்டீவன் ஒகசாகி 2007இல் எடுத்திருக்கிறார். பிழைத்தவர்கள் 14 பேர், குண்டு வேலையில் இருந்த அமெரிக்கர்கள் 4 பேர். யாருக்கும் தீர்ப்புச் சொல்லாமல் பேச விடுகிறார். தொடக்கத்தில் டோக்கியோ தெருவில் நிற்கும் இளைஞர்களிடம் 1945 ஆகஸ்ட் 6 அன்று என்ன நடந்தது என்று கேட்பார். ஜப்பான் பிள்ளைகள்தான், முழிப்பார்கள்.

இனியன்: எனக்குத் தெரியும். மாமா காலையிலேயே சொல்லிவிட்டார் 😁

பெரியப்பா: சரி சரி. நான் இதை 7 குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். அதில் வாக்கிங் நண்பர்கள் குழுவும் உண்டு. முரளி, அனுப்பியதை எப்படி அழிப்பது?

முரளி: அழுத்திப் பிடித்து, "எல்லோருக்கும் நீக்கு" கொடுங்கள் அப்பா.

மாலை 6:40

பெரியப்பா: நீக்கியாயிற்று. வாக்கிங் குழுவில் ஒருவர் "என்ன சார் அழித்தீர்கள், அரசியலா" என்று கேட்கிறார். போகட்டும். நிவேதா, அப்படியானால் தரையில் எடுத்த உண்மையான சினிமாப் படம் எப்போதுதான் வந்தது?

நிவேதா: போர் முடிந்த சில வாரங்களில் எடுத்துவிட்டார்கள் பெரியப்பா. வெளியே வரத்தான் கால் நூற்றாண்டு ஆயிற்று. செப்டம்பரில் ஒரு ஜப்பானியச் செய்திப்பட நிறுவனத்தின் ஆட்கள் போனார்கள், தயாரிப்பாளர் அகிரா இவசாகி. அக்டோபரில் நாகசாகியில் கேமராமேன் ஒருவரை அமெரிக்க ராணுவம் பிடித்தது, படப்பிடிப்பு நின்றது. அப்புறம் இது நமக்கே உதவும் என்று தோன்றி, முடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். 1946இல் சுருள்களை எல்லாம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

கலா அத்தை: அடப்பாவிகளா.

நிவேதா: ஆனால் அந்த ஆட்கள் ஒரு பிரதியை லேபின் கூரைக்குள் ஒளித்து வைத்தார்கள் அத்தை! மாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். அமெரிக்கா படத்தைத் திருப்பிக் கொடுத்தது 1967இல்தான். எரிக் பார்னோ என்ற பேராசிரியர் 2 மணி 40 நிமிடம் ஓடும் அந்தப் படத்திலிருந்து 16 நிமிடப் படம் ஒன்றை வெட்டி 1970இல் வெளியிட்டார். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். எடிட்டிங் என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்த படமும் அது.

முரளி: கலரில் ஒன்று பார்த்திருக்கிறேனே. முதுகு முழுக்கச் சிவப்பாக, குப்புறப் படுத்திருக்கும் பையன்.

நிவேதா: அது அமெரிக்க ராணுவமே 1946இல் எடுத்தது. அதையும் பல வருடம் வெளியே விடவில்லை. 1980களில் ஜப்பானில் பொதுமக்கள் ஆளுக்குப் பத்தடி ஃபிலிமுக்குக் காசு போட்டு வாங்கினார்கள். அந்தப் பையன் சுமிதெரு தனிகுச்சி. 16 வயதில் நாகசாகியில் சைக்கிளில் தபால் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒன்றே முக்கால் வருடம் குப்புறவே கிடந்தார். பிழைத்து, 2017 வரை இருந்து, ஊர் ஊராகப் போய் அந்தப் படத்தைக் கையில் பிடித்தபடி பேசினார்.

கலா அத்தை: அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை கண்ணு. நீ சொன்னதே போதும்.

பெரியப்பா: 2 மணி 40 நிமிடத்தில் 16 நிமிடம்தான் தேறியதா? மீதியில் என்ன இருக்கிறது?

நிவேதா: இடிபாடு, இடிபாடு, அளவு. அறிவியல் பதிவாக எடுத்த படம் அல்லவா, மனிதர்கள் வருவது குறைவு. பாலத்தின் கைப்பிடிச் சுவர் நிழல் தரையில் அப்படியே பதிந்திருக்கும். சுற்றிலும் வெளிச்சம் சுட்டு நிறம் மாறியிருக்கும், நிழல் விழுந்த இடம் மட்டும் பழைய நிறத்தில். அதை எல்லாம் அளந்து கோணம் போடுவார்கள்.

பெரியப்பா: நிறுத்து. நிழலை வைத்துக் குண்டு வெடித்த இடத்தைக் கண்டுபிடித்தார்களா?

நிவேதா: ஆமாம், உயரத்தையும் சேர்த்து.

பெரியப்பா: 31 வருடம் சர்வேயராக இருந்தேன், இது தெரியாமல் போயிற்றே! ஒரு நிழலைப் பின்னோக்கி நீட்டினால் திசை கிடைக்கும். வேறொரு இடத்து நிழலையும் நீட்டினால் இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நேர் கீழ்ப்புள்ளி. நிழலின் நீளத்தையும் பொருளின் உயரத்தையும் வைத்து மேலே எவ்வளவு என்பது கணக்கு. படத்தின் லிங்க் அனுப்பம்மா. பெரிய படமே வேண்டும், 16 நிமிடம் வேண்டாம்.

நிவேதா: அனுப்புகிறேன். மெதுவாக நகரும், தூங்கிவிடாதீர்கள்.

இனியன்: மாமா எனக்குப் புரியவில்லை.

பெரியப்பா: வீட்டில் டார்ச் இருக்கிறதா? மொட்டைமாடிக்குப் போ. அம்மாவை டார்ச்சை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொல். தரையில் ஒரு டம்ளரை வைத்து, நிழலைச் சாக்பீஸால் வரை.

கலா அத்தை: அண்ணா, குக்கர் அடுப்பில் இருக்கிறது.

இரவு 8:05

இனியன்: வரைந்துவிட்டேன் மாமா. (படம்) கோடு நேராக அம்மாவைத் தாண்டி தண்ணீர்த் தொட்டிவரை போகிறது. எந்த இடம் என்று எப்படித் தெரியும்?

பெரியப்பா: இன்னொரு டம்ளர் வை.