சுராங்கனி பாடினவரை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வளசரவாக்கம்வாசி:
ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். 2012 வாக்கில் சென்னையில் ஒரு எலக்ட்ரிகல் கடை. பல்பு வாங்க நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், சுருட்டை முடி, தாடி. கடைப் பையன் பல்பை ஹோல்டரில் மாட்டிக் காட்டும்போது கேட்டார்: "தம்பி, இது மஞ்சள் வெளிச்சமோ, வெள்ளை வெளிச்சமோ?" இலங்கைத் தமிழ் பேசுகிறவர்களின் அந்த "மோ"வைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்த முகம். சினிமாவில் வில்லனோடு வந்து நிற்பாரே, அந்த முகம். பேர் மட்டும் வரவில்லை. அவர் காசு கொடுத்துவிட்டு, பல்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

2018 ஜனவரி 22, சுராங்கனி பாடின இலங்கைப் பாடகர் ஏ.ஈ. மனோகரன் சென்னையில் காலமானார், வயது 73 என்று செய்தி. படத்தைப் பார்த்ததும் திக்கென்றது. கடையில் நின்றது அவர்தானா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் "ஐயா, நீங்கள் சிலோன் மனோகரா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு ஓடாத கல்யாணம் கிடையாது. பாடினவர் நம்ம ஊரிலேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

பருத்தித்துறை மைந்தன்:
உங்கள் எல்லாருக்கும் அவர் பாட்டுக்காரர். எனக்கு அவர் வாடைக்காற்று. 1978இல் வந்த படம், செங்கை ஆழியானின் நாவல், பிரேம்நாத் மொறாயஸ் இயக்கம். எங்கள் பெரியப்பா கடலுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். படம் பார்க்கிற பழக்கமே இல்லாத மனிதர், "எங்கட ஆக்களின்ர கதையாம்" என்று சொல்லி எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

கதை என்ன நடந்தது என்பதெல்லாம் இப்போது கலங்கிப்போய்விட்டது. ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. திரையில் வள்ளமும் வலையும் வந்த இடத்தில் பெரியப்பா கதிரை நுனிக்கு வந்து, சத்தமாகவே, "உப்பிடிச் சுருட்டினால் விடியச் சிக்கெடுக்கிறது ஆர்?" என்றார். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது படமில்லை. மனோகரன் அவருக்கு நடிகரும் இல்லை, மீன்வாடியில் புதிதாக வந்து சேர்ந்த ஒரு பெடியன்.

இன்னொன்று. அவர் பாட்டுக்காரராக இருந்து நடிக்க வந்தவர் என்று பலர் எழுதுகிறார்கள். 1966இல் வந்த பாசநிலாவிலேயே நடித்துவிட்டார். நடிப்பை அவருடைய பொழுதுபோக்கு மாதிரி எழுதாதீர்கள்.

உப்பளத்தார்:
தூத்துக்குடி. எங்களுக்குச் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். அப்பா டிரான்சிஸ்டர் பேட்டரிக் கட்டையை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார். பாத்தியில் உப்பு வாருகிறபோது மனோகரன் பாட்டு வந்தால் பலகை தாளத்துக்கு இழுபடும். அப்பா இழுக்கிறாரா பாட்டு இழுக்கிறதா என்று தெரியாது. சுராங்கனி, சின்ன மாமியே, கள்ளுக்கடைப் பக்கம் போகாதே எல்லாம் அப்படிக் கேட்டவைதான். மூன்றும் அவர் பாட்டு. அந்த மாதிரி மனிதர் இனி வரமாட்டார்.

தாளக்கட்டு:
உப்பளத்தார் ஐயா, கோபிக்க வேண்டாம். இந்தத் தவறை எங்கே பார்த்தாலும் எனக்குப் பொறுக்காது. சின்ன மாமியேயும் கள்ளுக்கடைப் பக்கம் போகாதேயும் நித்தி கனகரத்தினத்தின் பாட்டுகள். யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர். மனோகரன் பேர் தமிழ்நாட்டில் பெரிதாகப் பரவியதால், இலங்கையிலிருந்து வந்த துள்ளல் பாட்டு எதுவானாலும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறீர்கள். "பொப்பிசைச் சக்கரவர்த்தி" (பொப் என்றால் நீங்கள் சொல்கிற பாப்) என்ற பட்டம் மனோகரனுக்குச் சரிதான். மேடையில் ஏறினால் ஆளையே மாற்றிவிடுவார், அவருக்கு இன்னொருவர் பாட்டைக் கடன் கொடுத்துத்தான் பெருமை சேர்க்க வேண்டும் என்றில்லை. இலங்கை என்பது நம் தாய்த் திருநாடு பாடியது அவர். அதைச் சொல்லுங்கள்.

அப்புறம், இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. பைலா. போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல், ஆடுவது என்று பொருள். அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர்களின் கஃபிரிஞ்ஞா தாளம் கலந்து, 1940களில் வோலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் அதைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். ஆறெட்டுத் தாளம். ஒன்று இரண்டு மூன்று, நாலு ஐந்து ஆறு என்று தொடையில் தட்டிப் பாருங்கள், கால் தானாக அசையும். தமிழில் அதை எடுத்துப் பாடினபோது எங்கள் வாத்தியார் "இது கூத்தாட்டம்" என்று பள்ளிக்கூடத்தில் தடுத்தார். நான் சுற்றுலா பஸ்ஸில் பாடி முழங்காலில் நின்றேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

பாடகர் பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். உயிரோடு இருக்கிறவர்களின் பாட்டையே இப்படி மாற்றி எழுதினால் பிறகு யார் திருத்துவது?

உப்பளத்தார்:
பேரை மாற்றிச் சொன்னது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். அப்பாவின் பலகை இழுபட்டது பொய்யில்லை.

ராம்நாடு டிரம்ஸ்:
சுராங்கனி மலேசியா வாசுதேவன் பாட்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. அது 1977இல் "அவர் எனக்கே சொந்தம்" படத்துக்கு இளையராஜா இசையில் வாசுதேவன் பாடியது. மனோகரன் பாடியது தனி.

நான் இருபது வருடம் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் அடித்தவன். கோயில் கொடை என்றால் பன்னிரண்டு மணிக்கு மேல் பாட்டு கேட்டுத் துண்டுச்சீட்டு வரும், அதில் பாதி சுராங்கனிதான். எங்கள் பாடகருக்குச் சிங்களம் ஒரு எழுத்து தெரியாது. வாயில் வந்ததைப் பாடுவார், கூட்டம் விசிலடிக்கும், முடிந்தது. ஒருநாள் மண்டபம் பக்கம் கச்சேரி. பாட்டு முடிந்து நாங்கள் டீ குடிக்கிறபோது இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். மெதுவாகத்தான் பேசினார்: "தம்பி, மாலு எண்டால் மீன். கெனாவா எண்டால் கொண்டு வந்தது. அந்தப் பிள்ளைக்கு மீன் கொண்டு வந்தாச்சு எண்டுதான் பாட்டு. நீங்கள் மீனையே விட்டிட்டுப் பாடுறியள்."

பாடகர் பேனா எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பெரியவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, தப்பாகச் சொன்னால் தலையாட்டி, திரும்பச் சொல்ல வைத்தார். "ஐயா, நீங்களே வந்து பாடுங்களேன்" என்று நான் கூப்பிட்டேன். மைக்கைப் பார்த்தார். "இல்லைத் தம்பி, காலமை கணக்கெடுப்பு இருக்கு, நான் போக வேணும்" என்று கிளம்பிவிட்டார். அன்றைக்கு இரண்டாவது தடவை அந்தப் பாட்டை வாசித்தோம். கூட்டத்தில் அவரைத் தேடித் தேடி அடித்தேன். ஆள் இல்லை. அவர் மைக்கைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பனிநாட்டுப் பிள்ளை:
டொரோண்டோ. அண்ணா 1980களில் பதிவுசெய்த கசெட் ஒன்று என்னிடம் இருக்கிறது. லேபலில் "மனோகரன், துள்ளல்" என்று அண்ணாவின் கையெழுத்து. அண்ணா இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் போட்டுப் பார்த்தேன், அரை நிமிடம் ஓடி இறுகிவிட்டது. அதற்குப் பிறகு தொடப் பயம். இறுகுவதற்கு முன் அறிவிப்பாளரின் குரல் பாதி வசனத்தில் கேட்டது, அவ்வளவுதான்.

நாடாக்காரர்:
நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். தயவுசெய்து மறுபடி அதைப் போட்டுவிடாதீர்கள்! முதலில் வெளிச்சத்தில் பிடித்து, நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பூஞ்சை, வீட்டு மெஷினில் ஓடவிட்டால் அதிலிருந்து மற்ற நாடாவுக்கும் போகும். பூஞ்சை இல்லையென்றால், நடுவில் நாடாவை அழுத்துகிற சின்னப் பஞ்சு இருக்கிறதா பாருங்கள். பழைய பசை காய்ந்து அது விழுந்துவிடும், விழுந்தால் சத்தம் மங்கும். பென்சிலை ஓட்டையில் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் கூடுதான் கோளாறு, நாடா இல்லை. நாலைந்து திருகு இருந்தால் கழற்றி, இரண்டு சுருளையும் கையால் தொடாமல் வேறு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். மாற்றிய பிறகு உடனே போடாமல், ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம் போடுங்கள். மெஷினின் ஹெட்டை முதலிலேயே ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவையுங்கள். கம்ப்யூட்டரில் பதியும்போது இரைச்சலைக் குறைக்கும் வசதி எதையும் போடாதீர்கள். மூலத்தை அப்படியே பதிந்து வைத்துக்கொண்டு, நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அறிவிப்பாளர் குரலை வெட்டவே வெட்டாதீர்கள், பாட்டு வேறு எங்காவது கிடைத்துவிடும், அது கிடைக்காது.

எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்றால், என் மாமா வைத்திருந்த இதே மாதிரி ஒரு நாடாவை நான் 15 வயதில் அழித்து அதன்மேல் கிரிக்கெட் வர்ணனை பதிந்தேன்.

கூட்டில் திருகு இருக்கிறதா?

பனிநாட்டுப் பிள்ளை:
திருகு இல்லை, ஒட்டின கூடு. பூஞ்சை தெரியவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை, அன்றைக்கு ஓரத்தைக் கீறித் திறந்து பார்க்கிறேன். அட்டைக்குள் அண்ணா பாட்டுகளை எண் போட்டு எழுதி வைத்திருக்கிறார். சுராங்கனி மூன்றாவது.