கோபே துறைச்சுவர்: பின்மண் தள்ளியதா, அடிமண் கைவிட்டதா?

சல்லிக்கல்:
1995 ஜனவரி 17, ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம். கடலை நிரப்பி உருவாக்கிய போர்ட் தீவிலும் ரோக்கோ தீவிலும், கப்பல் அணையும் கான்கிரீட் பெட்டிச் சுவர்கள் (கேய்சன்) கடல் பக்கம் நகர்ந்தன. சில இடங்களில் 5 மீட்டர் வரை. குற்றவாளி பின்னால் கொட்டிய மண்தான். கணக்கு எளிது: தண்ணீரில் மூழ்கிய மண்ணின் எடை கனமீட்டருக்குச் சுமார் 10 கிலோநியூட்டன். சாதாரணமாக அதில் மூன்றில் ஒரு பங்குதான் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். அதிர்வில் ஈரமண் திரவம்போல ஆகிவிட்டால் பத்தும் தள்ளும். மும்மடங்கு!

துறைமுகத்தான்:
கணக்கு சரி, முடிவு தப்பு. பின்தள்ளல் மட்டும் என்றால் பெட்டி கருங்கல் படுகைமேல் வழுக்கியிருக்க வேண்டும். முக்குளிப்போர் இறங்கிப் பார்த்தபோது வழுக்கிய தடம் இல்லை. படுகையே கீழ்மண்ணுக்குள் அமுங்கிக் கிடந்தது. சுவர் 1 முதல் 2 மீட்டர் இறங்கி, கடல் பக்கம் 4 பாகை அளவுக்குச் சாய்ந்ததற்கு உங்கள் கணக்கில் எங்கே இடம்? கடலடிக் களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, மக்கிய கிரானைட் மண்ணை (அங்கே 'மசாதோ') கெட்டிப்படுத்தாமல் நிரப்பினார்கள். அதில் நீரழுத்தம் ஏறியதும் மண்ணுக்குப் பிடிமானம் போய்விட்டது.

சல்லிக்கல்:
மசாதோவில் சரளை நிறைய. அப்படிப்பட்ட மண் திரவமாகாது என்றுதானே அப்போது பலரும் நம்பினார்கள்?

துறைமுகத்தான்:
நம்பியதுதான் வினை. பெரிய கற்களுக்கு இடையே மென்மணல் அடைத்திருந்தால் தண்ணீர் வெளியேற வழியேது?

மணல்தூண்:
இருவரும் சுவரையே பார்க்கிறீர்கள். கிரேனைப் பாருங்கள். முன் தண்டவாளம் கேய்சன் மீது, பின் தண்டவாளம் நிலத்தின் மீது. சுவர் நகர்ந்ததும் இரண்டுக்கும் இடைவெளி விரிந்து, கால்கள் கவட்டையாக அகன்று முறிந்தன. தரையும் ஏறக்குறைய அரை மீட்டர் தணிந்தது. தூண் அடித்தளக் கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. ஆனால் வாசல்படி அந்தரத்தில், குழாய்கள் துண்டாகி. 1964-இல் ஜப்பானின் நீகாத்தா நிலநடுக்கத்தில் நேர்மாறு: ஆழமில்லா அடித்தளம், அடுக்குமாடிகள் விரிசல்கூட இல்லாமல் அப்படியே சரிந்தன, ஒன்று ஏறக்குறைய படுத்தேவிட்டது.

போர்ட் தீவிலேயே அதிர்வால் கெட்டிப்படுத்திய பகுதிகள் மிகக் குறைவாகத்தான் தணிந்தன.

சல்லிக்கல்:
அப்படியானால் பின்மண்ணைக் கெட்டிப்படுத்தினால் போதும் என்கிறீர்களா?

மணல்தூண்:
இல்லை. கோபேயின் மாயா துறையில் தப்பிய சுவர்கள் 0.25 நிலநடுக்கக் கெழுவுக்கு (எடையில் கால் பங்கு பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி) கட்டியவை. போர்ட் தீவில் அதைவிட மிகக் குறைவு. மாயாவில் அகலமான பெட்டி, கனமான பெட்டி. அடிமண்ணை விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் மணல் தூண் இறக்கி மண்ணை நெருக்கினால் தள்ளல் குறையும்; பெட்டி புதைவது குறையாது.

துறைமுகத்தான்:
அதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன். நிற்கும் சுவருக்கு அடியில் எப்படிப் போவது என்பதுதான் சிக்கல். கடல் பக்கப் பாதத்துக்கு வெளியே சிமெண்ட் கலந்து கெட்டியாக்கலாம். சுவருக்கு நேர் கீழே, மண்ணைக் கெட்டிப்படுத்தும் அதிர்வுக் கம்பி இறங்காது.

சல்லிக்கல்:
கீழ்மண் பங்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுத்துறை கட்டும்போது பின்னால் எடை குறைந்த நிரப்புப் பொருள் போடாதவரை உங்கள் பெட்டி நகரத்தான் செய்யும்.