கலைச்சொல்: ‘மெடிக்கல் எக்ஸாமினர்’ என்பவரைச் சட்ட வைத்திய அதிகாரி என்று போடலாமா?

வெள்ளவத்தையிலிருந்து, உபதலைப்பு எழுதுபவர்:

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்க மருத்துவத் தொடர் ஒன்றுக்குத் தமிழ் உபதலைப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். காரணம் விளங்காத சாவுகள். ஒரு மெடிக்கல் எக்ஸாமினர் உடலைத் திறந்து பார்த்து, ஆய்வுகூட முடிவுகளையும் வைத்துக்கொண்டு விடை சொல்கிறார். முதல் இரண்டு பாகத்திலும் அவரைச் ‘சட்ட வைத்திய அதிகாரி’ என்று போட்டிருக்கிறோம். மூன்றாம் பாகத்தில் அது பொருந்தவில்லை. அதில் அவரே மரணச் சான்றிதழில் ‘ஹொமிசைட்’ என்ற கட்டத்தில் அடையாளமிடுகிறார். அடுத்த காட்சியில் பக்கத்துக் கவுண்டியின் ‘கொரோனர்’ வருகிறார். அவர் தேர்தலில் வென்று வந்தவர், டொக்டர் இல்லை. உரையாடலே இந்த இரண்டு பதவிகளின் வேறுபாட்டைப் பற்றியது.

‘மருத்துவப் பரிசோதகர்’ என்று ஒருவர் எழுதித் தந்தார். அதைக் கேட்டால் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மெடிக்கல் எடுக்கப் போகும் இடத்து டொக்டர்தான் மனதில் வருகிறார். எங்களுக்குள்ள இடம் இரண்டு வரி, வரிக்கு 42 குறி. சொல் சுருக்கமாக வேண்டும். ‘மேனர் ஒப் டெத்’, அதாவது மரணம் இயற்கையா, விபத்தா, தற்கொலையா என்ற வகைப்பாடு, அதற்கும் ஒரு சொல் தேவை.

---

புதுக்கடையிலிருந்து, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:

தங்கச்சி, சட்ட வைத்திய அதிகாரி என்ற பெயரை அங்கே கொண்டுபோக வேண்டாம். எங்கள் நாட்டில் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, சந்தேகமான மரணத்தை விசாரிப்பவர் திடீர் மரண விசாரணை அதிகாரி அல்லது நீதவான். காவலிலோ சிறையிலோ இறந்தால் நீதவான்தான். சட்ட வைத்திய அதிகாரி அவர்களின் கட்டளைப்படி பிரேத பரிசோதனை செய்து அறிக்கை தருகிறார். அது கொலையா விபத்தா என்று அறிவிக்கும் வாய் அவருடையதில்லை.

அண்மைய உதாரணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2022 டிசம்பரில் பொரளை மயானத்தில் காருக்குள் கண்டெடுக்கப்பட்டு, பிறகு ஆஸ்பத்திரியில் இறந்த வர்த்தகரின் வழக்கு. 2023 மேயில் உடல் தோண்டி எடுக்கப்பட்டது. ஐந்து நிபுணர்கள் கொண்ட குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. கழுத்தும் முகமும் அழுத்தப்பட்டதால் வந்த மரணம், இது ஒரு கொலை என்று 2023 நவம்பரில் அறிவித்தது கொழும்பு நீதவான் நீதிமன்றம். ஐந்து நிபுணர்கள் இருந்தும் முடிவு நீதிமன்றத்தின் வாயிலிருந்தே வந்தது.

அமெரிக்காவில் மெடிக்கல் எக்ஸாமினர் உள்ள இடங்களில் இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளிடம். கொரோனர் பதவி இங்கிலாந்திலிருந்து போனது. 1194இல் அரசனுக்கு வரவேண்டிய வருமானத்தைப் பார்த்துக்கொள்ள ஏற்பட்ட பதவி, மருத்துவத்தோடு தொடர்பே இல்லை. மசாசூசெட்ஸ் 1877இல் அதை நீக்கிவிட்டு டொக்டர்களை நியமித்தது. நியூயோர்க் நகரத்தின் அலுவலகம் 1918இல் தொடங்கியது. நாட்டின் பல கவுண்டிகளில் இன்றும் கொரோனர்தான்.

ஆகவே என் முன்மொழிவு: கொரோனர் ‘மரண விசாரணை அதிகாரி’, மெடிக்கல் எக்ஸாமினர் ‘மரண விசாரணை வைத்தியர்’. முதற் சொல் இங்கே பேப்பர் படிக்கும் எவருக்கும் தெரியும். கடைசிச் சொல்லை மாற்றினாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

---

மருதானையிலிருந்து, சட்ட வைத்தியத் துறை:

அண்ணையின் சொல்லை ஆதரிக்கிறேன். ஒரு நிபந்தனை: ‘மரண’ என்பதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். இடம் போதாமல் ‘விசாரணை வைத்தியர்’ என்று வெட்டினால், ஆஸ்பத்திரி வாசலில் ‘விசாரணை’ என்று பலகை போட்ட யன்னல்தான் நினைவுக்கு வரும்.

இனி ‘மேனர்’. சொல் தேடும் முன் மூன்று விடயங்களைப் பிரித்துவைக்க வேண்டும். தொடரின் பாதிக் காட்சிகள் இதில்தான் நிற்கின்றன.

நெஞ்சில் துப்பாக்கிச் சூட்டுக் காயம். இது மரணத்துக்கான காரணம். அந்தக் காயத்தால் குருதி வெளியேறி, சுற்றோட்டம் நின்றுபோவது பொறிமுறை. சுட்டது தானா, இன்னொருவரா, துடைக்கும்போது தவறி வெடித்ததா என்பது மேனர். முதல் இரண்டுக்கும் விடை மேசையில் கிடக்கும் உடலில் இருக்கிறது. மூன்றாவதன் விடை பெரும்பாலும் உடலுக்கு வெளியே: இடம் எப்படிக் கிடந்தது, கதவு உள்ளே பூட்டியிருந்ததா, ஆயுதம் எங்கே விழுந்திருந்தது, வாக்குமூலங்கள் என்ன சொல்கின்றன. உடலும் கொஞ்சம் உதவும். துப்பாக்கியை உடலில் ஒட்டிவைத்துச் சுட்டால் புகைக்கரி காயத்துக்குள்ளேயே போய்விடும். சற்றுத் தள்ளிச் சுட்டால் எரிந்தும் எரியாததுமான வெடிமருந்துத் துகள்கள் சுற்றியுள்ள தோலில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும்.

இன்னொரு உதாரணம் இதைவிட நல்லது. பஸ் மோதித் தொடை என்பு முறிந்தவர் மூன்று வாரம் கட்டிலில் கிடந்து, ஒரு காலை எழுந்தவுடன் சரிந்து இறக்கிறார். மரணச் சான்றிதழின் முதற் பகுதியில் மேலிருந்து கீழாக எழுதுவோம்: நுரையீரல் நாடியில் குருதிக்கட்டி, அதற்குக் காரணம் கால் ஆழ்நாளத்தில் குருதிக்கட்டி, அதற்குக் காரணம் வீதி விபத்தில் தொடை என்பு முறிவு. ஆக அடியில் உள்ள வரிதான் மூலக் காரணம். மேனர் அதைத்தான் பின்தொடரும். அவர் கட்டிலடியில் இறந்தாலும் அது விபத்து மரணம். தொடரில் வீட்டார் “விபத்து நடந்து எத்தனை நாளாயிற்று!” என்று திகைக்கும் காட்சி வந்தால், உபதலைப்பில் ‘காரணம்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டிருந்தால் பார்ப்பவருக்கு ஒன்றுமே விளங்காது.

இரண்டு எச்சரிக்கைகள்.

‘கார்டியக் அரெஸ்ட்’ என்று டொக்டர் சொல்லும் இடமெல்லாம் ‘மாரடைப்பு’ என்று எழுதுகிறார்கள். அது இதயம் நின்றுபோதல். எல்லோருக்கும் இறுதியில் இதயம் நிற்கும். அதைக் காரணமாக எழுதினால் சான்றிதழில் ஒன்றும் எழுதாததற்குச் சமம். மாரடைப்பு என்பது முடியுரு நாடி அடைபட்டு இதயத் தசை இறப்பது. அது ஒரு காரணம். இந்த இடத்தில் தவறினால் கதையின் முடிச்சே அவிழ்ந்துவிடும்.

‘ஹொமிசைட்’ என்பதற்குக் ‘கொலை’ என்று போடாதீர்கள். சான்றிதழில் அதன் பொருள், இன்னொருவரின் செயலால் நேர்ந்த மரணம் என்பது மட்டுமே. குற்றமா இல்லையா என்று அது பேசுவதில்லை. தற்காப்புக்காக ஒருவர் சுட்டாலும் அதே கட்டம். அமெரிக்கச் சிறையில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவருக்கும் அதே கட்டத்தில்தான் அடையாளமிடுகிறார்கள். ‘பிறர் கையால்’ என்று போட்டால் சரியாக இருக்கும், இடமும் மிச்சம். நீதிமன்றக் காட்சி வரும்போது கொலை என்று எழுதுங்கள்.

---

கொட்டாஞ்சேனையிலிருந்து, விஞ்ஞானப் பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

‘மேனர்’ என்பதற்கு ‘நேர்வகை’ என்று ஒரு சொல் என்னிடம் இருந்தது: மரணம் நேர்ந்த வகை. ஆனால் தனியே நின்றால் ‘நேர்’ என்பதை நேர்மறை என்று வாசிப்பார்கள். ஆய்வுகூட முடிவுகள் நிறைந்த தொடரில் அந்தக் குழப்பம் ஆபத்து. ‘மரண வகை’ மிகவும் பொதுவானது. மூழ்கி இறப்பதும் வகை, தூக்கிட்டு இறப்பதும் வகை என்று ஆகிவிடும். ‘மரண முறை’ என்றால் சாகும் வழிமுறை என்று பொருள்படும். ஆகவே சுருக்க ஆசையை விட்டு ‘மரணம் நேர்ந்த விதம்’ என்றே வைக்கலாம். ‘விதம்’ பேச்சில் உள்ள சொல், “எந்த விதத்தில் நேர்ந்தது?” என்று வாக்கியத்திலும் உருட்ட முடியும். ‘பொறிமுறை’ உயர்தர இரசாயனவியல் படித்த பிள்ளைக்குத் தெரியும், அதை மாற்ற வேண்டியதில்லை.

சான்றிதழில் ‘அன்டிட்டர்மின்ட்’ என்றும் ஒரு கட்டம் உண்டு. முடிவுசெய் என்ற பொருளில் வரும் ‘டிட்டர்மின்’ என்பதற்கு எங்கள் வினாத்தாள்களில் ‘துணிக’ என்று இருக்கிறது. ஆகவே ‘அன்டிட்டர்மின்ட்’ என்பது ‘துணியப்படாதது’. ‘திறந்த தீர்ப்பு’ என்று போடும் ஆசை வரும். அது விசாரணை அதிகாரி தருவது, தீர்ப்பு என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழின் கட்டத்துக்கு ஒட்டாது.

---

வெள்ளவத்தையிலிருந்து:

மிக்க நன்றி அண்ணா, டொக்டர், ஐயா. இன்னும் இரண்டு இடத்தில் மாட்டியிருக்கிறேன். ஒன்று ‘லிவிடிட்டி’. ‘உடல் நீலம் பாரித்திருக்கிறது’ என்று வரைவில் இருக்கிறது. மற்றது, கண்ணிலிருந்து ஊசியால் எதையோ எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள்; மொழிபெயர்த்தவர் ‘கண்ணீர்’ என்று எழுதியிருக்கிறார்!

---

மருதானையிலிருந்து:

‘நீலம் பாரித்தல்’ என்றால் தமிழில் பாம்புக்கடி, நஞ்சு. பார்ப்பவர் உடனே நஞ்சென்று முடிவுகட்டிவிடுவார். உண்மையில் நடப்பது, இதயம் நின்றபின் குருதி தன் பாரத்தால் உடலின் தாழ்ந்த பக்கத்துக்கு இறங்கித் தங்குவது. எந்த மரணத்திலும் வரும். அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் தெரியத் தொடங்கி, ஏறத்தாழ 8 முதல் 12 மணிநேரத்தில் நிலைத்துவிடும். அதன்பின் உடலைத் திருப்பிப்போட்டாலும் பழைய இடத்திலேயே நிற்கும். மல்லாந்து கிடக்கும் உடலில் அது முன்பக்கம் இருந்தால் யாரோ நகர்த்தியிருக்கிறார்கள் என்று அறிவது அப்படித்தான். ஆகவே ‘குருதிப்படிவு’ என்று வைப்போம். நிறத்தைப் பெயரில் சேர்க்காமல் விட இன்னொரு காரணமும் உண்டு: காபனோரொட்சைட்டு வாயுவைச் சுவாசித்து இறந்தவரில் அது செர்ரிப்பழச் சிவப்பாக இருக்கும்.

கண்டலோடும், அதாவது அடிபட்ட இடத்தில் குருதி கன்றுவதோடும், இதைக் குழப்பக்கூடாது. வெட்டிப் பார்த்தால் குருதிப்படிவில் குருதி நாளங்களுக்குள் இருக்கும், தண்ணீர் விட்டால் கழுவுப்படும். கண்டலில் இழையத்துக்குள் ஊறியிருக்கும், கழுவ முடியாது. நாட்பட்ட உடலில் இந்தச் சோதனையும் கைவிட்டுவிடும். கொழும்பு வெக்கையில் அந்த நிலை சீக்கிரம் வரும். இதே வெக்கையால் விறைப்பும் முந்தி வந்து முந்தித் தளரும். தொடரில் சொல்லும் மணிக்கணக்கு அங்குள்ள குளிருக்கானது. அதை அப்படியே மொழிபெயர்த்துவிடுங்கள், திருத்தப் போகவேண்டாம்.

கண்ணிலிருந்து எடுப்பது கண்ணாடியுடனீர், அதாவது கண்கோளத்தின் உள்ளே நிறைந்திருக்கும் திரவம். பாடநூலில் உள்ள சொல்தான். கடைக்கண் பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு, மெதுவாக இழுத்து, ஒரு கண்ணுக்கு 2 முதல் 3 மில்லிலீற்றர் எடுப்பார்கள். வேகமாக இழுத்தால் விழித்திரையின் கலங்களும் சேர்ந்து வந்து பொற்றாசிய அளவு பொய்யாக ஏறிவிடும். இந்தத் திரவம் மூடிய அறைக்குள் இருப்பதால் குருதியைவிட மெதுவாகக் கெடும். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் திடீரென இறந்த இளைஞரின் மர்மம் பலமுறை இதில்தான் உடைகிறது: குளுக்கோசு மிக உயர்ந்து, கீற்றோன்களும் இருக்கும். இறந்தபின் குளுக்கோசு குறையும், ஏறாது. ஆகவே உயர்ந்த அளவை நம்பலாம். தாழ்ந்த அளவை வைத்துக்கொண்டு, சாகும்போது சர்க்கரை குறைந்திருந்தது என்று சொல்ல முடியாது. “குறைவாக இருக்கிறது, ஆனால் அது ஒன்றையும் நிரூபிக்காது” என்ற வசனம் வந்தால், மொழிபெயர்ப்பாளர் தயங்காமல் அப்படியே எழுதட்டும்.

நஞ்சு பற்றிய காட்சியில் ‘தொடை நாளக் குருதி’ என்று வந்தால் ‘குருதி’ என்று மட்டும் சுருக்காதீர்கள். இறந்தபின் ஈரலிலும் நுரையீரலிலும் இதயத் தசையிலும் உள்ள மருந்து பக்கத்திலுள்ள குருதிக்குள் கசியும். இதயக் குருதியை அளந்தால், ஒழுங்காகக் குளிசை எடுத்தவரும் அளவுக்கு மீறி விழுங்கியவர்போலத் தெரிவார். அதனால்தான் தொடையிலிருந்து எடுத்து, சோடியம் புளோரைட்டு இட்ட குழாயில் குளிரில் வைக்கிறார்கள். புளோரைட்டு இல்லாவிட்டால் நுண்ணங்கிகள் குழாய்க்குள்ளேயே மதுசாரம் உண்டாக்கிவிடும், குடிக்காதவர் குடித்தவராகிவிடுவார்.

---

புதுக்கடையிலிருந்து:

‘பிரேத பரிசோதனை’ என்பதையும் மாற்றக்கூடாது. தமிழ்நாட்டில் ‘உடற்கூறாய்வு’ என்று எழுதுகிறார்கள். இங்கே அது மாணவர்கள் படிக்கும் உடற்கூற்றியல்போல ஒலிக்கும். ‘வைத்தியர்’ என்றால் அங்கே நாட்டு வைத்தியர் என்ற நினைப்பு வரலாம் என்றும் ஒருவர் தனியே எழுதியிருந்தார். அந்தப் பதிப்புக்கு ‘மரண விசாரணை மருத்துவர்’ என்று மாற்றினால் போதும், சொல்லின் கட்டு உடையாது.

---

வெள்ளவத்தையிலிருந்து:

சரி, முதலிரு பாகங்களிலும் சட்ட வைத்திய அதிகாரி என்பதை எடுத்துவிட்டு மரண விசாரணை வைத்தியர் என்று மாற்றுகிறேன். சான்றிதழ்க் காட்சி வரும்போது ஆறு கட்டங்களையும் இப்படிப் போடுகிறேன்: இயற்கை, விபத்து, தற்கொலை, பிறர் கையால், துணியப்படாதது, விசாரணை முடியவில்லை. கடைசி இரண்டும் திரையில் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று எல்லாம் பார்த்தும் முடிவுக்கு வர முடியாதது, மற்றது நச்சியல் அறிக்கை வரும்வரை காத்திருப்பது. இரண்டையும் ‘முடிவில்லை’ என்று ஒன்றாக்கியிருந்த வரியை இன்றிரவே திருத்தி அனுப்புகிறேன். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.