தாத்தா சைக்கிள்: பேட்ஜுக்கு அடியில் இருந்த சிவப்பு

நான்: [படம்]
நான்: தாத்தா சைக்கிளின் முன்னால் இருக்கும் கம்பெனி பேட்ஜை இன்று கழற்றினேன். அடியில் இருக்கும் நிறத்தைப் பாருங்கள்.

அக்கா: இது நம் சைக்கிளா! கெம்புக்கல் மாதிரி இருக்கிறதே.

மாமா: அதுதான் நிஜ நிறம். சாயங்காலம் அப்பா திரும்பி வரும்போது சைக்கிளின் பார் கம்பி முழுக்க நெருப்புப் பிடித்த மாதிரி தெரியும். எப்போது பழுப்பானது என்றே நினைவில்லை.

நான்: எல்லாம் வெயில் செய்த வேலை மாமா. மேலே இருக்கும் சிவப்பு, கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் பூச்சு. அது வெளிறிவிட்டது, அதன் மேலிருந்த வார்னிஷும் மஞ்சளாகிவிட்டது. பேட்ஜுக்கு அடியில் மட்டும் வெயில் படவில்லை.
நான்: [படம்]
நான்: உரிந்த ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்புக்கும் அடிப்பூச்சான பிரைமருக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு வெள்ளி நிறப் பூச்சு தெரிகிறதா? அதை வைத்துத்தான் இது கேண்டி, அதாவது வெள்ளிக்கு மேல் ஊடே தெரியும் நிறம் அடித்த பெயின்ட் என்று சொல்கிறேன்.

தம்பி: சிவப்பு மெட்டாலிக் ஒரு டப்பா வாங்கி அடித்தால் போதாதா அண்ணா?

நான்: அந்த ஆழம் வராதுடா. மெட்டாலிக்கில் அலுமினியத் துகளும் நிறமும் ஒரே பெயின்டில் கலந்திருக்கும். மின்னும், ஆனால் அந்த மினுமினுப்பு மேலோடு நின்றுவிடும். கேண்டியில் வெள்ளி அடியில் தனி, சிவப்பு மேலே தனி. வெளிச்சம் சிவப்பைக் கடந்து போய், வெள்ளியில் பட்டு, மறுபடி அந்தச் சிவப்பு வழியாகவே வெளியே வரும். மாமா பார்த்த நெருப்பு அதுதான்.

அக்கா: தேடிப் படித்தேன். பழைய இங்கிலாந்து சைக்கிள்களில் இந்த மாதிரிப் பூச்சுக்கு ஃபிளாம்பாயன்ட் என்று பெயராம். அமெரிக்காவில் 1963இல் வந்த ஷ்வின் கம்பெனியின் ஸ்டிங்ரே சைக்கிளிலும் அதே பெயரில் நிறங்கள் இருந்திருக்கின்றன. கார்களுக்குக் கேண்டி ஆப்பிள் சிவப்பைக் கொண்டுவந்தவர் என்று கார்களை அலங்கரித்து மாற்றும் ஜோ பெய்லன் என்பவரைச் சொல்கிறார்கள். அது 1950களில்.

மாமா: எல்லாம் சரிப்பா. ஆனால் பழைய பெயின்டை மொத்தமாக எடுக்கத்தான் வேண்டுமா? பாரில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம் இருக்கிறது.

நான்: அதை நினைத்துத்தான் இரண்டு வாரமாக ஃபிரேம் பெயின்டில் கை வைக்கவில்லை மாமா. வெறுமனே மங்கியிருந்தால் மெழுகு தேய்த்து அப்படியே விட்டிருப்பேன். கீழ்க்குழாயில் பெயின்டுக்கு அடியில் துரு கொப்புளம் கொப்புளமாகப் பரவியிருக்கிறது. விட்டால் குழாயையே தின்றுவிடும்.

சித்தி: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் கண்ணா. உப்புத்தாள் போட்டு ஈரமில்லாமல் தேய்க்காதே, தூசி மூச்சில் போகும்.

நான்: இல்லை சித்தி. ரிமூவர் தடவி ஈரமாகவே வழித்தெடுப்பேன். கடைசியாக மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டில், அதை இறுக வைக்கும் ஹார்டனர் கலக்க வேண்டும். அதில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. அந்த வேலையை மட்டும் வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் வைத்திருக்கும் கார் பெயின்டரிடம் கொடுக்கிறேன்.

தம்பி: போன வாரம் மட்கார்டு அடித்தாயே, அது எப்படி வந்தது?

நான்: [படம்]
நான்: கெட்டுவிட்டது. ஒவ்வொரு கோட்டுக்கும், அதாவது ஒவ்வொரு பூச்சுக்கும், சிவப்பு ஒரு படி இருட்டாகும். நான் ஓரத்தில் கையைத் திருப்பும்போது ஸ்பிரே கன்னை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தேன். அந்த இடத்தில் மட்டும் இரண்டு மடங்கு விழுந்து பட்டை பட்டையாக நிற்கிறது. பொருளுக்கு வெளியே ஆரம்பித்து வெளியே போய்த்தான் விட வேண்டும்.

அக்கா: அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்ய முடியாதா?

நான்: முடியாது அக்கா. கேண்டியைத் தேய்த்தால் அங்கே வெளிறும், மேலே அடித்தால் சுற்றிலும் இருண்ட வளையம் விழும். அடியிலுள்ள வெள்ளியில் ஒரு கீறல் இருந்தாலும் சிவப்பு வழியாக அப்படியே தெரியும். வெள்ளியிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான். தினமும் ஓட்டி, சுவரில் சாய்த்து நிறுத்தும் சைக்கிளுக்கு மெட்டாலிக்கே போதும் என்று நானே சொல்வேன். இதற்கு மனம் வரவில்லை.
நான்: ஃபிரேம், ஃபோர்க், மட்கார்டு, செயின் கவர் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே எண்ணிக்கை கோட்டில் அடிக்கப் போகிறேன். தனித்தனியாக அடித்தால் ஒரே சைக்கிளில் நான்கு சிவப்பு இருக்கும். குழாய்கள் கூடும் மூலைகள்தான் பயம். நான்கு பக்கமிருந்தும் அடிப்பதால் அங்கே தானாகவே இருட்டாகும். அதனால் மூலைக்கு மெல்லிய கோட்.

சித்தி: எத்தனை கோட் என்று எப்படித் தெரியும்?

நான்: [படம்]
நான்: ஆறு தகட்டில் வெள்ளி அடித்து, முதல் தகட்டுக்கு ஒரு கோட், ஆறாவதுக்கு ஆறு கோட் என்று கேண்டி அடித்துக் காயவைத்திருக்கிறேன். மேலே கிளியரும் அடித்தாகிவிட்டது, அது இல்லாமல் பார்த்தால் நிறம் ஏமாற்றும். பேட்ஜ் இடத்தோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்க வேண்டும்.

தம்பி: மூன்றாவது!

அக்கா: எனக்கு ஐந்து.

நான்: போன் படத்தில் முடிவு செய்ய முடியாது. மாமா, அந்த நிறத்தைப் புதிதாகப் பார்த்தது நீங்கள் மட்டும்தான். ஞாயிறு சாயங்காலம் வெயில் சாயும் நேரத்துக்கு வர முடியுமா?
நான்: இன்னொன்று. பேட்ஜ் உட்காரும் இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிடுகிறேன். அந்த அளவுக்குத் தாத்தா காலத்துப் பெயின்ட் அப்படியே இருக்கும், மேலே பேட்ஜ் மூடிக்கொள்ளும்.

மாமா: வருகிறேன். பாரில் அந்தத் தேய்ந்த இடத்தை நான் வந்து ஒரு படம் எடுத்த பிறகு ரிமூவர் தடவு.

நான்: சரி மாமா. அதுவரை தொடமாட்டேன்.